சிரட்டைத் தராசு

(கஹவத்தையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தரம் 1 முதல் 5 வரை விஞ்ஞானம் என்று தனிப் பாடம் கிடையாது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றுதான் பெயர். கையால் செய்து பார்க்க வேண்டிய பாடம். நாங்களோ புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கேள்வித்தாள் கட்டைக் கொடுத்து, அதையும் மனப்பாடமாக்கிவிட்டோம். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், உடைந்துவிடும் என்று பரிசோதனைச் சாமான்களை அலுமாரியிலேயே பூட்டி வைத்திருந்தோம். சாவி என்னிடம்தான் இருந்தது.

இந்தியாவில் அர்விந்த் குப்தா என்று ஒரு பொறியியலாளர். லொறித் தொழிற்சாலையில் வேலை. 1978இல் லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பாடசாலைகளுக்குப் போனார். சந்தையில் வாங்கிய சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகினார். நான்கு குச்சிச் சதுரம் தொட்டால் சரிந்தது. மூன்று குச்சி முக்கோணம் அசையவில்லை. ஸ்டோர் கூரையை அண்ணாந்து பாருங்கள், ஏன் முக்கோணம் முக்கோணமாக இரும்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அந்த டியூப் இறப்பர். இறப்பர் பாலை வெட்டி எடுப்பது நாங்கள். நம் பிள்ளைக்கு மட்டும் ஆய்வுகூடம் வந்தால்தான் விஞ்ஞானமா?

நமக்கு மிகவும் வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முழத் தடி. நடுவில் கயிறு. இரண்டு முனையிலும் கண் இல்லாத சிரட்டை. வெறுமனே தூக்கினால் நேராக நிற்க வேண்டும். படிக்கல் தேவையில்லை. காய்ச்சல் சிரப்போடு வரும் 5 மில்லிலீற்றர் கரண்டி நிறையத் தண்ணீர் எடுத்தால் 5 கிராம்.

இனிக் கொஞ்சம் கள்ளத்தனம். கயிற்றை ஒரு விரல் தள்ளிக் கட்டுங்கள். நீண்ட பக்கம் சரியும். மற்றச் சிரட்டையின் அடியில் களிமண் அப்பினால் மறுபடி நேராகும். பார்ப்பவருக்கு நல்ல தராசு. இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள், நீண்ட பக்கம் இறங்கிவிடும்! எப்படிப் பிடிப்பது? சாமானையும் எடையையும் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். நல்ல தராசு மாற்றினாலும் அதையே காட்டும். கள்ளத் தராசு காட்டாது. எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரு தரம் செய்தால் போதும், மறக்காது.

அடுத்து, மழையில் நனைந்த கொழுந்தைச் சிரட்டையில் நிறுக்கட்டும். பிறகு அதே கொழுந்தைத் துணியில் ஒற்றி மறுபடி நிறுக்கட்டும். எத்தனை கரண்டி குறைந்ததோ அவ்வளவும் இலைமேல் நின்ற தண்ணீர். இளங்கொழுந்திலும் முற்றிய இலையிலும் ஒரே அளவா என்றும் பார்க்கட்டும், கொப்பியில் எழுதட்டும். மடுவத்தில் தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிறபோது நம்மிடம் சத்தம் இருந்தது, கணக்கு இருந்ததில்லை. சத்தத்துக்குத் துரைமார் பழகிவிட்டார்கள்.

இப்போது இலக்கத் தராசு வந்துவிட்டதே என்பீர்கள். அதிலும் தெரிந்த எடையை வைத்துப் பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வெறும் போத்தலை முதலில் நிறுத்துக் கழிக்க மறக்க வேண்டாம்.

இறப்பர் மலைப் பிள்ளைகள் கொஞ்சம் பாலில் தேசிக்காய்ப் புளி விட்டு, அது உறைவதைப் பார்க்கலாம். ஸ்டோர் அமிலத்தை மட்டும் தொட விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு தடியும் இரண்டு சிரட்டையும் கொண்டு வாருங்கள். துளை போடுவது பெரியவர்கள் வேலை. கயிறு நான் கொண்டு வருகிறேன்.