காற்புள்ளி எங்கே விழ வேண்டும்?

கிள்ளானில் ஒரு மளிகைக் கடை. தமிழில் இயங்கும் கணக்கு மென்பொருள் ஒன்றை முதலாளி வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். ஆண்டு விற்பனை பன்னிரண்டரை லட்சம் வெள்ளி. வங்கி அறிக்கையில் அது 1,250,000. கணினித் திரையிலோ 12,50,000. தொகை ஒன்றுதான். ஆனால் கணக்கெழுதும் பெண் மில்லியன் என்றே படித்துப் பழகியவர். அவசரத்தில் முதல் காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் 12-ஐப் பார்த்து, 12 மில்லியன் என்று எழுதிவிட்டால்? அது கடன் விண்ணப்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

நிரல் எழுதியவர் 'தமிழ்' என்று மொழியைச் சொன்னார். நாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எண், தேதி, நாணயம் ஆகியவற்றை எந்த மொழியினர், எந்த நாட்டில், எப்படி எழுதுகிறார்கள் என்பதை யூனிகோட் அமைப்பு ஒரு தரவுக் களஞ்சியமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் வெறும் தமிழ் என்றால் இந்திய முறைதான்: வலக்கோடியில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக. லட்சம், கோடி என்று எண்ணுபவருக்கு அது பொருத்தம். 'தமிழ், மலேசியா' என்றோ 'தமிழ், சிங்கப்பூர்' என்றோ குறித்தால் அதே களஞ்சியம் மும்மூன்றாகப் பிரித்துத் தருகிறது. நிரல் எழுதும் இளையர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சீனர்களைப் பாருங்கள். எண்ணுவது பத்தாயிரம் பத்தாயிரமாக. காற்புள்ளி போடுவதோ மூன்று இலக்கத்துக்கு ஒன்று. ஜெர்மானியர் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். அங்கே 1.234 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு!

சரி, ஒரே வணிகர் ரூபாய்க் கணக்கை லட்சத்திலும் வெள்ளிக் கணக்கை மில்லியனிலும் பார்க்க விரும்பினால்? சென்னையிலிருந்து சரக்கு இறக்குபவருக்கு அது நியாயமான ஆசைதான். அப்போது பிரிப்பு முறையை நிரலாளரே அமைக்க வேண்டும். ஜாவா பழகும் புதியவர் சறுக்குவது இங்கேதான். ஜாவாவோடு வரும் டெசிமல்ஃபார்மட் கருவிக்கு #,##,##0 என்று இந்திய வடிவத்தை எழுதிக் கொடுப்பார். பிழைச் செய்தி ஏதும் வராது. விடை மட்டும் 1,250,000 என்றே வரும். அந்தக் கருவி, கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று மட்டுமே பார்க்கிறது. மூன்று என்று தெரிந்ததும் இடப்பக்கம் முழுவதும் அதையே நீட்டுகிறது. முன்னால் இருக்கும் காற்புள்ளியைச் சட்டை செய்வதில்லை. ஐசியு என்ற இலவச நிரல் தொகுப்பிலும் அதே பெயரில் ஒரு கருவி உண்டு. அது இரண்டு அளவுகளை ஏற்கும்: முதல் குழுவுக்கு 3, மற்றவற்றுக்கு 2. வடிவம் ஒன்று, விடை இரண்டு!

சிலர் சலித்துப்போய், எண்ணை எழுத்துகளாக மாற்றி, வலமிருந்து மூன்று மூன்றாக எண்ணித் தாங்களே காற்புள்ளியை ஒட்டிவிடுகிறார்கள். நட்டக் கணக்கு வந்தால் தெரியும் சேதி. கழித்தல் குறியும் ஓர் எழுத்தாகிவிடுவதால் திரையில் -,250,000 என்று வந்து நிற்கும். சேமிப்பில் எண் வெறும் 1250000 ஆகவே இருக்க வேண்டும். காற்புள்ளி, திரையில் காட்டும்போதும் அச்சிடும்போதும் மட்டும்.

கிள்ளான் கடைக்கு இத்தனை பாடு தேவையில்லை. 'டிஏ' என்ற மொழிக் குறிக்குப் பின்னால் 'எம்ஒய்' என்ற நாட்டுக் குறியைச் சேர்க்கும்படி மென்பொருள் விற்றவரிடம் முதலாளி கேட்கலாம்.