மணல் போன திசையில்



கையில் இருந்தது ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதம், வெயில் இன்னும் முறுக்கேறவில்லை. புதுச்சேரியில் தொடங்கிச் சென்னையில் முடிப்பது, நடுவில் கூடியவரை கடலோரமாகவே கால்போன போக்கில் நடப்பது. இதுதான் திட்டம். அதற்கு மேல் நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. யோசிக்க வைத்தவர் என் அத்தை.

அத்தைக்கு வயது 74. கல்யாணமாகி வந்த நாள்முதல் புதுச்சேரிவாசி. சனிக்கிழமை விடியற்காலை 5.30-க்கு என்னைக் கடற்கரைச் சாலைக்கு அவர்தான் இழுத்துப்போனார். மாலையில் மூடினால் மறுநாள் காலைவரை அந்தச் சாலையில் வண்டிக்கு இடமில்லை. நடுத்தெருவில் கைவீசி நடக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய செல்வம் என்று வெளியூர்க்காரனுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள், 1836-இல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். இன்னொரு பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவில் கருங்கல். ஆட்டுக்குட்டி அளவிலிருந்து அம்பாசிடர் கார் அளவுவரை கொட்டிக் கிடக்கிற கல். அலை அதில் மோதி, வெடித்து, முகத்தில் தெளிக்கிறது.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று அத்தை கல்லைக் காட்டினார். "இங்கதான்டா உங்க மாமாவும் நானும் சாயங்காலம் வந்து உக்காருவோம். கல்லுல இல்ல, மண்ணுல. அலையத் தொடணும்னா எழுந்து நடக்கணும். அவ்ளோ மண்ணும் எங்கடா போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இரண்டு நாளும் நடந்தேன் நேயர்களே.

விடை தேட ஆட்டோ பிடித்து ஊருக்குத் தெற்கே போனோம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேர்கிற இடம் ஒன்று உண்டு. அந்த ஆற்றைத் தாண்டினால் வீராம்பட்டினம். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பேர்போன மீனவர் ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் மாறாமல் இன்றும் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் வந்து அந்தத் தேருக்கு வடம் பிடிக்கிறார். நாங்கள் போனது தேர் இல்லாத நாள். கடற்கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன, நிழலில் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மணல் இருந்தது. சும்மா இல்லை, தாராளமாக இருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கியது.

வலை கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. தாடையால் வடக்கைக் காட்டினார். "ஆத்து வாயில கல்லைக் கொண்டாந்து கட்டினாங்க இல்ல? அப்பறம் மண்ணு இங்கயே நின்னுபோச்சு. அந்தாண்ட இருக்கிறவங்களுக்குக் கெடைக்கல."

ஆய்வறிக்கைகள் பல பக்கத்தில் சொல்வதும் இதைத்தான். நம் கிழக்குக் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகிறது. கரையில் ஏறும்போது ஒரு பிடி மணலைச் சாய்வாகத் தள்ளுகிறது, இறங்கும்போது நேராக இறங்குகிறது. அந்த ஒரு பிடி சற்று வடக்கே நகர்ந்துவிட்டது. அடுத்த அலை இன்னொரு பிடி. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் இது திரும்பித் தெற்கே ஓடும். ஆனால் வரவு செலவு பார்த்தால் ஆண்டு முடிவில் மிச்சம் வடக்குக்குத்தான். கரை என்று நாம் நினைப்பது உண்மையில் வடக்கே போய்க்கொண்டிருக்கிற ஓர் ஆறு. தண்ணீருக்குப் பதில் மணல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

அந்த மணல் ஆற்றின் குறுக்கே 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் தேங்கியது. வடக்கே நகரத்தில் கடல் வழக்கம்போல் மணலை எடுத்துப்போனது, ஆனால் புதிதாக வந்துசேரவில்லை. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் இருக்கும் இடத்தில் கடலுக்கு எடுக்க மணல் இல்லாததால், அதற்கு வடக்கே இருக்கிற குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் போய் எடுத்தது. அங்கேயும் கல். அப்புறம் அதற்கும் வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற மீனவர் ஊர்கள். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மாலை 4 மணிக்கு மறுபடி கடற்கரைச் சாலைக்கு வந்தோம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஒரு துண்டு மணல் இருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018-இல் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகுப் பெட்டகத்தைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். மேலே நின்று பார்த்தால் தெரியாது. அலையின் வேகத்தை அது உள்ளேயே தணிக்கிறது, மணல் வந்து படிகிறது. சிறியதுதான். ஆனால் பிள்ளைகள் அங்கே வீடு கட்டி விளையாடுகிறார்கள். கல்லுக்கு நடுவே வளர்ந்த ஊரில் இது லேசான காரியமா? அத்தை கணுக்கால் நனைய நின்றார். "பழைய மண்ணு இல்ல" என்றார். "இருந்தாலும் பரவால்ல."

புதுச்சேரியில் பார்க்க இன்னும் எத்தனையோ உண்டு. 1952 புயலில் போன பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் எட்டிப் பார்க்கின்றன. அதற்குப் பிறகு தெற்கே கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. தென்கோடியில் டுப்ளே சிலை. இவற்றுக்கெல்லாம் இன்னொரு பயணம் வேண்டும். எனக்கு 5 மணிப் பேருந்து.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். மாமல்லபுரம் இருட்டில் போயிற்று.

சனிக்கிழமை இரவு நேராக வந்தது நீலாங்கரைக்கு. ஆமை பார்க்க. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும். 1988-லிருந்து மாணவர்கள் தொடங்கி நடத்திவரும் ஒரு குழு இரவு முழுக்கக் கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. வார இறுதியில் நம்மைப் போன்றவர்களையும் கூட அழைத்துப்போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நகரத்துக் கடற்கரையை இப்படி நான் கண்டதேயில்லை. வலப்பக்கம் கடல் கறுப்பாக மூச்சு விடுகிறது. இடப்பக்கம் மாடி வீடுகளின் விளக்குகள். குஞ்சு ஆமைக்கு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்பது பிறவிப் புத்தி. ஆதியில் இரவில் வெளிச்சமாக இருந்தது கடல் மட்டும்தான். இன்று குஞ்சு சாலையைப் பார்த்து நடக்கிறது. முட்டையை இடம் மாற்றுவது அதனால்தான். நாயும் ஒரு காரணம்.

உயிருள்ள ஆமையை நாங்கள் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? முதலில் பார்த்தது செத்து ஒதுங்கிய ஓர் ஆமையை. இழுவலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் இப்படித்தான் ஆகிறது என்றார் கூட வந்த மாணவி. பிறகு, 2 மணி இருக்கும், டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம். கடலிலிருந்து ஏறி, வளைந்து, மறுபடி கடலில் இறங்கியிருந்தது. அந்த மாணவி ஒரு கம்பியால் மணலைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் மணல் இளகிக் கம்பி இறங்கியது. முழங்கை ஆழத்துக்குக் கை விட்டு எடுக்க எடுக்க முட்டைகள் வந்துகொண்டே இருந்தன, நூற்றுக்கும் மேல், பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக, கொஞ்சம் ஈரமாக.

காலையில் அத்தையிடம் போனில் சொன்னேன். "எங்க ஊருக்கு வராதாடா அதுங்க?" என்று கேட்டார். கல்லில் ஆமை எப்படிக் குழி தோண்டும் அத்தை?

விடியல் பெசன்ட் நகரில். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கிறதே ஒரு வளைவு, அதன் நிழலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. 1930-இல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரரின் நினைவுச் சின்னம் அது. சென்னைக் கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு நிமிடம் அதன் முன்னால் நின்றுவிட்டு முடிவு செய்யலாம். இந்தக் கரை சட்டென்று சரிகிறது, உள்ளிழுப்பு பொல்லாதது. கால் நனைத்தால் போதும்.

நண்பர் வீட்டில் மதியம்வரை தூங்கினேன். 3 மணிக்கு மெரினா.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் மெரினா மணல் எவ்வளவு அகலம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. சராசரி 300 மீட்டர் என்கிறார்கள். சுண்டல் விற்கிற பையன் சாலைக்கும் தண்ணீருக்கும் நாள் முழுக்க நடக்கிற நடையை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இந்தத் தூரம் பல காலம் தாண்ட முடியாத தூரமாகவே இருந்தது. 2022 நவம்பரில் தண்ணீரை நோக்கி மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பிடுங்கிப் போட்டது. திரும்பச் செய்தார்கள். நான் போன அன்று ஒரு பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடி பாதையின் கடைசிவரை போய், பேரனிடம் சிப்பி எடுத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை மணலும் அனாதி காலமாக இருந்ததல்ல நேயர்களே. 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸைப் பாருங்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்து, மசூலாப் படகில் இறங்கி, அங்கே அடுக்கப்பட்டது. கரைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கவேண்டிய கட்டடம்தான். அன்று கடல் அருகில் இருந்தது. 1870-களின் நடுவில் வடக்கே துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியது. வீராம்பட்டினத்துப் பெரியவர் சொன்ன அதே கதை. வடக்கே போன மணல் சுவரில் முட்டி நின்றது, தெற்கே பின்னோக்கி நிரம்பிக்கொண்டே வந்தது. 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையோரம் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்று பேர் வைத்தார். அப்போது அவர் கண்ட மணல் இன்றைக்கு இருப்பதில் ஒரு கீற்றுதான்.

ஆக, புதுச்சேரியில் துறைமுகம் நகரத்துக்குத் தெற்கே, மணல் போயிற்று. சென்னையில் மெரினாவுக்கு வடக்கே, மணல் வந்தது. இரண்டு ஊர்க் கடற்கரையிலும் நிற்கிற காந்தியைச் செய்தவர் ஒரே சிற்பி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஒரு காந்தி கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார், இன்னொரு காந்தி மணலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே.

மெரினாவுக்கு எதிரே நம் வானொலி நிலையக் கட்டடமும் தெரிந்தது. 1930-களில் சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியபோது, வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்கள் மெரினாவில் ஒலிபெருக்கிக்கு அடியில் கூடிப் பாட்டு கேட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் பலூன் சுடுகிற துப்பாக்கிச் சத்தம். மிளகாய் பஜ்ஜியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்டலில் மாங்காய் குறைந்துவிட்டது, அது என் கட்சி.

இருட்டுவதற்குள் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் போய்விட வேண்டும் என்று ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் வியந்தார். "பீச்சுலேருந்து பீச்சுக்கா சார்? அங்க என்னா இருக்கு?" துறைமுகத்து மதில் முடிகிற இடத்துக்கு அப்பால், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் தாண்டினால், கரை மறுபடி கல்லாகிவிடுகிறது. மெரினா வளர்ந்த வேகத்தில் இந்தப் பக்கம் கடல் உள்ளே வந்தது. தெருக்கள், வீடுகள், படகு நிறுத்துகிற மணல் என்று ஒவ்வொன்றாகப் போயின. சுற்றுலாக் கையேட்டில் இந்தக் கரை இல்லை. மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றவன் இதையும் ஒரு தடவை வந்து பார்ப்பது மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

கடலுக்குள் விரல் நீட்டின மாதிரி அங்கங்கே கல்வரிசை போட்டிருக்கிறார்கள். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு மூலையில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. ஒரு கல்யாணப் பந்தல் அகலம்தான் இருக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் அடித்தால் அவுட் என்பது சட்டம். அப்படியும் ஒருவன் அடித்துவிட்டான். பந்து அலையில் விழுந்தது. எடுக்க ஓடினவனுக்குப் பத்து வயது இருக்கலாம். பந்து விழுந்த இடத்துக்கு அவன் போகவே இல்லை. நேராக ஓடி, வடக்கே இருபது அடி தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்று, கையை நீட்டிக் காத்திருந்தான். பந்து அவனிடம் வந்தது.