மானைக் கொன்ற சிறுவன்



ராபின் ஹூட் என்றால் காட்டில் பாட்டும் கூத்துமாகத் திரிந்த வீரன் என்றுதான் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். மழையில் நனைந்ததை, பட்டினி கிடந்ததை யார் சொன்னார்கள்? ஜெஃப்ரி டிரீஸ் சொன்னார்!

1909-ல் நாட்டிங்ஹாமில் ஒயின் வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆக்ஸ்போர்டு படிப்பை ஓராண்டிலேயே உதறிவிட்டு, லண்டனின் கிழக்குப் பகுதிச் சேரி மக்களிடையே வேலை செய்தார்.

1934-ல் அவர் எழுதிய கதையில் தலைவன் பிரபு அல்ல. டிக்கன் என்ற பண்ணையடிமைச் சிறுவன். ராஜாவின் மானைக் கொன்றுவிட்டு, உயிர் தப்பக் காட்டுக்கு ஓடுகிறான். அங்கே ராபின் கூட்டத்தோடு சேர்ந்து பிரபுக்களை எதிர்க்கிறான். முடிவில் ராபின் மடிகிறான், கலகம் தோற்கிறது. குழந்தைகள்தானே என்று டிரீஸ் இதை மூடி மறைக்கவில்லை. நமக்குப் பிடித்தது அதுதான்.

அதே ஆண்டில், 1839-ல் வேல்ஸில் வாக்குரிமை கேட்டெழுந்த சாசன இயக்கத் தொழிலாளரைப் பற்றியும் ஒரு நாவல் எழுதினார். 1998-ல் மறையும்வரை நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் அவர் பேனாவிலிருந்து வந்தன.