அந்தமானுக்கு அடியில் தண்ணீர்



திருநின்றவூர் ரயில் நிலையத்தில் தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். ரயிலை இழுத்துவிட்டுத் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு, தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிப் பரவும். பூமியின் சொந்த மின்சாரத்தை அளக்க வருகிறவர்கள் இப்படிப்பட்ட ஊர்களைத் தவிர்த்து, வெகுதூரம் தள்ளிப் போவார்கள்.

பூமிக்கு ஏது சொந்த மின்சாரம்? உலகெங்கும் வெட்டும் மின்னலும், சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றும் பூமியின் காந்தப்புலத்தை ஓயாமல் அசைக்கின்றன. அந்த அசைவு பாறைகளுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. வேகமான அசைவு மேலேயே மங்கிவிடும். மெதுவானது ஆழம் வரை போகும். 100 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை, 100 ஓம்-மீட்டர் மின்தடையுள்ள பாறையில் சுமார் 50 கிலோமீட்டர் இறங்கும். தரையில் மின்முனைகளைப் புதைத்து, காந்தச் சுருள்களை வைத்து நாள்கணக்கில் பதிவுசெய்தால், எந்த ஆழத்தில் எவ்வளவு மின்தடை என்று கணக்கிடலாம். சோவியத் நாட்டின் டிகோனவ் 1950-லும், பிரான்சின் கான்யார் 1953-லும் இதற்கு வழி வகுத்தார்கள்.

நமக்கு இந்த அளவீடு அந்தமானில் தேவைப்படுகிறது. அந்தத் தீவுகளுக்கு மேற்கே, கடலடி அகழியில் இந்தியத் தட்டு கீழே அமிழ்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது அந்த எல்லைதான். அமிழும் தட்டு கடல்நீரையும் உள்ளே கொண்டுபோகிறது. ஆழத்தின் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்தெடுக்க, அது மேலேறிப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகுகிறது. கிழக்கே பாரன் தீவு எரிமலை 1991 முதல் மீண்டும் கனல்வதன் மூலக்காரணம் இதுதான்.

தட்டுகள் உரசும் இடத்தில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே, அவை இறுகப் பூட்டிக்கொள்வதும் மெல்ல வழுக்குவதும் பெரிதும் அமைகின்றன. நிலநடுக்க அலைகள் பாறையின் எல்லைகளை நன்றாகக் காட்டும். நீரைக் காட்டுவதில் மின்சாரமே கூர்மையானது: உலர்ந்த பாறையில் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டராக இருக்கும் மின்தடை, உப்புநீர் ஊறினால் வெகுவாகச் சரிந்துவிடும்.

நவி மும்பையிலுள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தார் அந்தமானில் இந்த ஆய்வைச் செய்திருக்கிறார்கள். எளிதான வேலையல்ல. குறுகலான தீவு, சுற்றிலும் கடல். கடல்நீரின் மின்தடை வெறும் 0.3 ஓம்-மீட்டர் என்பதால் மின்னோட்டம் அதன் பக்கமே சாயும். கடலின் ஆழத்தையும் வடிவத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் கிடைக்கும் படம் பொய்யாகிவிடும்.

நியூசிலாந்தின் கிழக்கே வேறு ஆய்வாளர்கள் கடலடியிலேயே கருவிகளை இறக்கினார்கள். அமிழும் தட்டின்மீது ஏறிவரும் கடலடி மலையொன்று, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நீரைச் சுமந்துபோவது தெரிந்தது; 2021-ல் அந்த முடிவு வெளியானது. அந்தமான் அகழியின் நீளம் முழுவதும் அப்படிக் கருவிகள் இறங்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். 2004-ல் அங்கே எழுந்த ஆழிப்பேரலை சென்னைக் கரையைத் தொட இரண்டரை மணி நேரம்தான் ஆனது.