தணிப்பும் தகவமைப்பும்: வளரும் நாடுகள் நோக்கில்

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 நவம்பர் 24ஆம் நாள் விடியலுக்கு முன்னர், அசர்பைசான் நாட்டுத் தலைநகர் பாகூவில் ஐக்கிய நாடுகளின் 29ஆம் பருவநிலை மாநாடு முடிவுற்றது. வளர்ந்த நாடுகள் முன்னின்று, 2035ஆம் ஆண்டுக்குள் வளரும் நாடுகளுக்கென ஆண்டுதோறும் 30,000 கோடி டாலர் திரட்டுவதென்று தீர்மானமாயிற்று. வளரும் நாடுகள் கேட்டதோ 1,30,000 கோடி டாலர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்த பின்னரே இந்தியாவின் சார்பில் சாந்தினி ரைனா அவர்களுக்குப் பேச வாய்ப்புக் கிட்டியது. இத்தீர்மானம் வெறும் கண்மாயம் என்று அவர் மறுத்துரைத்தார்.

அதற்கு ஏழு நாள் கழித்து, டிசம்பர் 1ஆம் நாள், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின்மீது விழுந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறுவர். முதல்நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அசையாது நின்று பெய்த மழையின் விளைவு அது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்த நாள் சாத்தனூர் அணையினின்று நொடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

ஒரு புயலை முற்றிலும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுதல் அறிவியலாகாது. எனினும், காற்று ஒரு பாகை வெப்பம் மிகுந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். அச்சுமை எங்கேனும் இறங்கியே தீரும்.

பருவநிலைப் பேச்சுகளில் இரண்டு சொற்கள் அச்சாணி போன்றவை. ஒன்று தணிப்பு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடும் கரியமில வாயு முதலியவற்றைக் குறைத்தல். மற்றொன்று தகவமைப்பு, வந்துவிட்ட மாற்றத்தோடு வாழ வகை செய்துகொள்ளல். அனல்மின் நிலையத்துக்கு மாற்றாகக் கதிரொளியால் மின்சாரம் எடுத்தல் முன்னது. ஏரியைத் தூர் வாரிக் கரையை உயர்த்தி, மதகையும் கலங்கலையும் செப்பனிடுதல் பின்னது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மானாவாரியில் மல்லாட்டையும் பயிரிடும் உழவர்க்கு முதற்கண் வேண்டுவது எது என்பதை விளக்கத் தேவையில்லை.

பேச்சின் வரலாறு நீண்டது. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் சூழலையும் பிரித்துப் பேசலாகாது என்று எடுத்துரைத்தார். 1992இல் ரியோ நகரில் உருவான ஒப்பந்தம், பொறுப்பு அனைவர்க்கும் பொது, ஆயின் அளவில் வேறு என்ற நெறியை ஏற்றது. 1997இன் கியோத்தோ உடன்படிக்கை வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் குறைப்பு அளவு விதித்தது; அமெரிக்கா கையொப்பமிட்டும் உறுதி செய்யவில்லை. இவை பலரும் அறிந்தவை. அறியாத ஒன்று சற்று விரிவாகக் கூறத்தக்கது.

1990இல் வாஷிங்டனைச் சார்ந்த உலக வளக் கழகம், வெப்ப வாயுக்களை மிகுதியாக வெளியிடும் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தது. நெல்வயலும் கால்நடையும் வெளியிடும் மீத்தேனும் அக்கணக்கில் இடம்பெற்றிருந்தது. தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் 1991இல் ஒரு சிறு நூல் எழுதி இதனை மறுத்தனர். உயிர் வாழ்தற்கு எழும் புகையும் இன்பத்துக்கு எழும் புகையும் ஒன்றாகா என்பது அவர்தம் வாதம். சேற்று வயலில் எழும் குமிழியையும் பெருநகரத்துப் பெருங்காரின் புகையையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்தல் எவ்வகை நீதி?

வாதம் மட்டும் போதாதென்று அளவையும் எடுத்தனர். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 378 இலட்சம் டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டிருந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று 1991இல் நாட்டின் பல பகுதி வயல்களில் நேரே அளந்தபோது, கிடைத்த அளவு ஏறத்தாழ 40 இலட்சம் டன் மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கு! அளக்காமல் இருந்திருப்பின், உழவன் செய்யாத குற்றத்துக்குப் பேரவையில் நாடு தலைகுனிந்திருக்கும். மொழியாசிரியர்களும் இதனை மாணவர்க்குச் சொல்லலாம்.

சொல்லின் நிறையைப் பாரிஸ் நகரம் காட்டிற்று. 2015 டிசம்பர் 12ஆம் நாள், இறுதி வரைவில், வளர்ந்த நாடுகள் குறைப்பில் முன்னிற்றல் 'வேண்டும்' என்னும் பொருளில் ஒரு சொல் இருந்தது. அமெரிக்கா இசையவில்லை. எழுத்துப் பிழை என்று கூறி, அவ்விடத்தில் 'தகும்' என்னும் பொருளுடைய சொல் வைக்கப்பட்டது. வேண்டும், தகும் என்னும் இரண்டையும் இலக்கண நூலார் பொதுவினை என ஒருங்கு வைப்பர். சட்டத்தில் ஒன்று கடன், மற்றொன்று அறிவுரை. இந்தியாவும் இக்கலையில் பின்தங்கியதன்று. 2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை 'ஒழித்தல்' என்றிருந்ததைக் 'குறைத்தல்' என்று மாற்றக் கேட்டது இந்தியாவே. ஒருவர்க்கு ஆகும் வாயு அளவில் இந்தியா உலகச் சராசரியின் பாதிக்கும் கீழ் என்பது உண்மை. மொத்த அளவில் உலகில் மூன்றாமிடம் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது.

இனிப் பணம். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009இல் கோபன்ஹேகனில் உரைத்த வாக்கு 2020க்குள் நிறைவேறியிருக்க வேண்டும். முதன்முறை நிறைவேறியது 2022இல் என்று செல்வ நாடுகளின் அமைப்பே கணக்கிடுகிறது. அவ்வாண்டின் 11,590 கோடி டாலரில் தகவமைப்புக்குச் சென்றது 3,240 கோடி. காரணம் எளிது. கதிரொளி மின்நிலையம் வருவாய் தரும், கடன் திரும்பும்; அதன் நன்மை பணம் தந்த நாட்டுக்கும் உண்டு. ஏரிக்கரை உயர்ந்தால் பயன் அவ்வூர்க்கே. வட்டி கட்ட அதில் ஒன்றுமில்லை. அந்த ஆண்டில் அரசுகள் வழியாக வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன் என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழகத்து ஏரிகளே இதற்குச் சான்று. 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டமும், 31.8 கோடி டாலருக்கு 2017இல் ஒப்பமான அதன் அடுத்த கட்டமும் உலக வங்கிக் கடனால் நடந்தவை. பிறர் மூட்டிய வெப்பத்தைத் தாங்கும் கரையைக் கடன் வாங்கி உயர்த்தும் நிலை இது. 1858இல் ஆங்கிலேயர் சட்டமாக்கிய குடிமராமத்தும், அதற்கு முன்னிருந்த ஊர்வழக்கமும் எவரிடமும் கடன் கேட்டதில்லை. ஆயினும் அன்று ஊரார் உழைப்பு யார் தோளில் விழுந்தது என்பதை மறந்து பழமை பேசலாகாது.

உலக அரங்கில் ஏழை நாடுகள் கேட்பதை உள்நாட்டில் மாநிலங்கள் கேட்கின்றன. ஃபெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு இடைக்கால உதவியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஒன்றிய அரசு டிசம்பர் 6ஆம் நாள் பேரிடர் நிதியின் பங்காக 944.80 கோடி விடுவித்தது. பாகூவில் சிறுமை என்று கூறிய நாடு, இந்த விகிதத்தையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

செங்கண்மா நகரின் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இம்மாவட்டத்தின் சொத்து. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்குப் புலவர் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக உரைக்கிறார்: பாசி படர்ந்து கால் வழுக்கும் இடம் இது, அங்கே மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பற்றி நடவுங்கள் என்கிறார். சரிவை அறிந்தவன் சரிவில் செல்வோனுக்குச் சொல்லும் சொல் அது. வ.உ.சி. நகர்க்கு அத்தகைய சொல் முன்னரே எட்டியிருக்க வேண்டும். மண் பெயரும் இடங்களின் வரைபடமும், ஊர்தோறும் மழைமானியும் தகவமைப்பில் அடங்கும்; இவற்றுக்கு ஆகும் செலவு அணை கட்டுவதற்கு ஆவதில் மிகச் சிறிதே.

2025 நவம்பரில் பிரேசில் நாட்டுப் பெலெம் நகரில் கூடிய 30ஆம் மாநாடு, தகவமைப்புக்கான நிதியை 2035க்குள் மும்மடங்காக்க முயலுமாறு அழைத்துள்ளது. எந்த ஆண்டின் தொகையை மும்மடங்காக்குவது என்பது அதில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அடுத்த பேரவைகளில் வாதம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே நடக்கும்.