ரகானே பேரு எங்கே?

2024 மார்ச் 23, சனிக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துல நான் வழக்கமா நிக்கிற டீக்கடை. முந்தின நாள் ராத்திரிதான் சேப்பாக்கத்துல ஐபிஎல் முதல் ஆட்டம் முடிஞ்சிருந்தது. பெங்களூரு 173 அடிக்க, எட்டுப் பந்து மிச்சம் வச்சு, ஆறு விக்கெட்ல சென்னை ஜெயிச்சாச்சு. ஆட்டம் முடிஞ்சா என்ன, பஞ்சாயத்து அப்பத்தானே ஆரம்பிக்குது?

ஒரு பக்கம் பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி. அம்பது வயசு, தோனி பக்தர். இன்னொரு பக்கம் பெங்களூருல சென்ட்ரிங் வேலை செய்யிற பையன், வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்தவன். தலையில ஆர்சிபி தொப்பி. வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. தமிழ்நாட்டுல இருந்துகிட்டு பெங்களூருக்குக் கைதட்டுறதான்னு கேப்பாங்க. நமக்குச் சென்னை முந்நூறு கிலோமீட்டர், பெங்களூரு நூத்தி முப்பது. சோறு போடுற ஊர் எதுன்னு பாத்தா, பாதிக் குடும்பத்துக்கு அதுதான். ஒரே வீட்டுல அண்ணன் மஞ்சள், தம்பி சிவப்பு. அம்மா சீரியல் பாக்க முடியலையேன்னு ரெண்டு பேரையும் திட்டுவாங்க.

"முஸ்தாபிசுர் நாலு விக்கெட்டு. அதோட கதை முடிஞ்சது"ன்னாரு வியாபாரி. சென்னையோட பந்துவீச்சாளர் பதிரனாவுக்குக் காயம்னுதான் அந்த வங்கதேசத்து இடதுகைக்காரர் அன்னைக்கு உள்ளே வந்தாரு. 29 ரன் கொடுத்து நாலு பேரை அனுப்பினாரு. பையன் விடலை. "78க்கு அஞ்சு விக்கெட் போன இடத்துல இருந்து அனுஜ் ராவத்தும் தினேஷ் கார்த்திக்கும் 95 ரன் சேத்தாங்களேண்ணா, அதை யாரு பேசுவா? நீங்க ஜெயிச்சீங்க, சரி. அதுக்காக நாங்க ஆடவே இல்லையா?"

அதுக்கு மேலதான் விஷயமே வந்தது. கோலி அவுட்டான பந்து. தூக்கி அடிச்சாரு. எல்லைக்கோட்டுப் பக்கம் ரகானே ஓடி வந்து, சறுக்கிக்கிட்டே பிடிச்சாரு. உடம்பு கயிற்றை நோக்கிப் போகுது. கயித்துல பட்டா ஆறு ரன். பட்டுடுங்கிறதுக்குள்ள பந்தைப் பக்கத்துல இருந்த ரச்சின் ரவீந்திராகிட்டத் தூக்கிப் போட்டுட்டாரு. அவரு சும்மா நின்னு வாங்கிக்கிட்டாரு. கோலி 21 ரன்ல வெளியே.

டீ மாஸ்டர் பால் சட்டியைக் கிளறிக்கிட்டே பேப்பரை எட்டிப் பாத்தாரு. "பேப்பர்ல பிடிச்சது ரவீந்திரான்னு போட்டிருக்கே. ரகானே பேரு எங்கே?"

கடையே ஒரு நிமிஷம் அமைதி. ஸ்கோர் கார்டுல கேட்ச் யார் கையில முடிஞ்சதோ அவர் பேருதான் வரும். ஓடினவன், சறுக்கினவன், அந்தரத்துல யோசிச்சவன் பேருக்கு அங்க இடமே கிடையாது.

இந்த இடத்துல கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வரலாம். அங்க பேஸ்பால்னு ஒரு ஆட்டம். அதுவும் மட்டையும் பந்தும்தான். நம்ம ஐபிஎல்ல ஒரு அணிக்கு லீக் ஆட்டம் 14, அங்க 162. அதனால முதல் நாள் ஆட்டத்தை வச்சு ஒருத்தனை எடை போடுறது நம்மளைவிட அவங்களுக்குத்தான் பெரிய முட்டாள்தனம். ஆனா அவங்களும் விடுறதில்லை. மறுநாள் காலையில அவங்க கையில காபி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட கணக்குத் தாளை உண்டாக்கினவங்கள்ல முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல குடியேறி, பத்திரிகைக்குக் கிரிக்கெட் ஆட்டம் எழுதிக்கிட்டிருந்த ஆளு. நம்ம கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் பாத்துத்தான் 1859-ல அதை வரைஞ்சாரு. மூலம் நம்மளுது. ஆனா பிள்ளை அப்பனைத் தாண்டிப் போயிடுச்சு. பேஸ்பால் கணக்குல, பந்தை எறிஞ்சோ தட்டிவிட்டோ அடுத்தவன் அவுட்டாக்க வழி பண்ணினவனுக்கு 'அசிஸ்ட்'னு ஒரு பதிவு உண்டு. அந்தக் கணக்குப்படி பாத்தா ரகானேவுக்கு அன்னைக்கு ஒண்ணு. அதோட விடலை. எளிதாப் பிடிக்க வேண்டியதைக் கோட்டை விட்டா 'எர்ரர்'. அதுக்குன்னு மைதானத்து ஸ்கோர் பலகையிலயே ரன், ஹிட்டுக்குப் பக்கத்துல தனிக் கட்டம். அது எர்ரரா இல்லையான்னு சொல்ல ஒரு அதிகாரி வேற உக்காந்திருப்பாரு. நம்ம ஊருல அந்த வேலையை டீக்கடைதான் பாக்குது, சம்பளம் இல்லாம.

எனக்கு என்னவோ, நம்ம பாக்குறதுதான் ஒழுங்காத் தோணுது. நாலு பேரு கத்தினா மறந்துபோனது ஒண்ணாவது வெளியே வந்துடும். கட்சி மட்டும் எப்பவும் இருக்கும். மஞ்சள் மஞ்சளைத்தான் சொல்லும், சிவப்பு சிவப்பைத்தான் சொல்லும். ஒரே ஒருத்தர் விஷயத்துல மட்டும் ரெண்டும் சேந்துக்கும். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அதே 23-ஆம் தேதி சாயங்காலம் கொல்கத்தாவுல ஹைதராபாத்துக்கு ஆடி 32 ரன்னுக்கு மூணு விக்கெட் எடுத்தாரு. ஹைதராபாத் நாலு ரன்ல தோத்தது. மறுநாள் கடையில தோல்விக்கு யாரார் காரணம்னு பட்டியல் போட்டாங்க. அதுல நடராஜன் பேரு மட்டும் வரவே இல்லை. பிரிஸ்பேன்ல 2021-ல டெஸ்ட் ஆடி முதல் இன்னிங்ஸ்லயே மூணு விக்கெட் எடுத்தவரை நம்ம ஊருல குறை சொல்லிட்டு டீ குடிச்சுட முடியுமா?

சரி, அந்த வருஷக் கதை என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியும். முதல் ஆட்டம் தோத்த பெங்களூரு, முதல் எட்டுல ஏழு தோத்தது. பையன் ஒரு மாசம் கடைப் பக்கமே வரலை. அப்புறம் வரிசையா ஆறு ஜெயிச்சாங்க. ஆறாவது, மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானத்துல, மறுபடியும் அதே சென்னை. ஜெயிக்காட்டியும் கடைசி ஓவர்ல 17 எடுத்தா சென்னை பிளே-ஆஃபுக்குள்ளே. பந்து யஷ் தயாள் கையில. அதுக்கு முந்தின வருஷம் ரிங்கு சிங்கிட்ட கடைசி ஓவர்ல அஞ்சு சிக்ஸர் வாங்கின அதே ஆளு. முதல் பந்தைத் தோனி தூக்கி அடிச்சாரு, சிக்ஸர். அடுத்தது வேகம் குறைச்ச பந்து. தோனி அவுட். மிச்சம் நாலு பந்துல ஒரே ரன். ரெண்டு அணிக்கும் 14 புள்ளி. ரன் ரேட்ல பெங்களூரு உள்ளே, சென்னை வெளியே.

ஆட்ட நாயகன் விருது பெங்களூரு கேப்டன் டு பிளெஸ்ஸிஸுக்குக் கொடுத்தாங்க. அவரு மைக்கைப் பிடிச்சு, இது யஷ் தயாளுக்குத்தான்னு சொல்லிட்டாரு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பையன் வந்தான். தொப்பி புதுசு. வியாபாரி ஒண்ணும் பேசாம அவனுக்கும் சேத்து டீக்குக் காசு வச்சாரு. கிளாஸை எடுத்துக்கிட்டு பெஞ்சில உக்காந்தாரு. ரெண்டு வாய் குடிச்சுட்டுத்தான் திரும்பினாரு.

"எல்லாம் சரிடா. மார்ச்சுல பிடிச்ச அந்தக் கேட்ச் ரகானேது. அதுல மாத்தம் இல்லை."

"அதை நான் எப்பண்ணா இல்லேன்னேன்?"