களத்தில் சொல்ல வேண்டிய சொல்



தை பிறந்ததும் எங்கள் அக்கராயனில் பாடசாலை மைதானங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தமாகிவிடும். சுண்ணாம்புக் கோடு இடுவோரும் ஓட்டம் பழகுவோருமாய் எங்கும் உற்சாகம். அவ்வுற்சாகத்தின் நடுவே நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. காயமுற்ற பிள்ளை ஓடலாமா என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

வெற்றியைத் தேடுவது பயிற்றுநரின் கடமை. உடலைக் காப்பது மருத்துவ உதவியாளரின் கடமை. இவ்விருவரும் தம்முள் உண்மை பேசாவிடின், அதன் விலையைக் கொடுப்பவர் விளையாட்டு வீரரே.

2015 ஆகஸ்ட் 8ஆம் திகதி, இலண்டனில் செல்சி அணியும் சுவான்சி அணியும் உதைபந்தாட்டத்தில் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் செல்சி வீரர் ஒருவர் தரையில் வீழ்ந்தார். நடுவர் அழைக்கவே, அணியின் மருத்துவர் ஈவா கார்னெய்ரோ களத்துள் ஓடினார். சிகிச்சை பெற்றவர் சிறிது நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. ஏற்கனவே ஒருவரை இழந்திருந்த அணி ஒன்பது பேராகக் குறைந்தது. முகாமையாளர் ஜோசே மொரின்ஹோ சினந்து, மருத்துவக் குழுவினரைப் பகிரங்கமாகவே குறை கூறினார். பின்னர் அம்மருத்துவர் கழகத்தைவிட்டு விலகினார். 2016 ஜூனில் வழக்கு இணக்கமாக முடிந்தபோது, அவர் ஆட்ட விதியைப் பின்பற்றியே தம் கடமையைச் செய்தார் என்று ஏற்று, கழகம் மன்னிப்புக் கோரியது.

பெருங்கழகத்தின் கதை நமக்கு எதற்கு எனலாம். நம் கிராமத்துப் பாடசாலைகளிலோ பயிற்றுவிப்பவரும் காயத்தைப் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. வெல்லத் துடிக்கும் மனமும் நிறுத்தச் சொல்லும் மனமும் ஒரே நெஞ்சில் போராடுகின்றன. ஆகவே பக்கத்தில் நின்று உண்மை சொல்ல இன்னொருவர் வேண்டும்.

முன்னர் நான் அதிபராயிருந்த ஒரு பாடசாலையில், வலயப் போட்டியன்று மாணவி ஒருத்தியின் கணுக்கால் வீங்கியிருந்தது. முதலுதவிக்குப் பொறுப்பான இளம் ஆசிரியை அதைக் கண்டும் வாய் திறக்கவில்லை. அஞ்சலோட்டத்தின் பாதி வழியில் பிள்ளை விழுந்தாள். அவ்வாண்டு முழுவதும் அவள் ஓடவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்று ஆசிரியையைக் கேட்டேன்.

"கிண்ணம் இல்லாமல் திரும்பக் கூடாது என்று காலைக் கூட்டத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள், சேர்" என்றார்.

மறுமொழி கூற இயலாது நின்றேன். அவர் வாயை அடைத்தது என் சொல்லே.

அன்றுதொட்டு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறேன். முதலுதவி ஆசிரியர் "வேண்டாம்" என்றால் அப்பிள்ளை ஓடுவதில்லை; அதிபரும் அதை மாற்றுவதில்லை. அவரும் "பார்த்துக்கொள்வோம்" என மழுப்பலாகாது. எங்கே நோகிறது, எத்தனை நாள் ஓய்வு, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஏட்டிலும் எழுத வேண்டும். பயிற்றுநரும் பிள்ளை பயிற்சியில் நொண்டியதை மறைக்கலாகாது.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மன்னனுக்கு மட்டுமன்று, மைதானத்துக்கும் அது பொருந்தும். கிண்ணத்தை அடுத்த ஆண்டும் வெல்லலாம். பிள்ளையின் கால் அப்படியன்று.